ஒருவரின் இசைவு, பலரின் அந்தரங்கம்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒற்றாடல் பண்டைக் காலத்தில் அரசனுக்குரிய தொழிலாகக் கருதப்பட்டது. திருக்குறளிலும் பொருட்பாலில், அரசியலைப் பற்றிய பகுதியிலேயே அதற்கென ஓர் அதிகாரம் அமைந்திருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றர்களை வகைப்படுத்தும்போது, வணிகர் வேடம் பூண்ட ஒற்றரையும் ஒரு வகையாகக் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் ஒற்றன் வணிகன் வேடத்தில் வந்தான். இக்காலத்திலோ வணிகமே ஒற்றறியும் தொழிலாக மாறிவருகிறது. ஒரு குடும்பம் எதை வாங்குகிறது, எந்த நோய்க்கு மருந்து தேடுகிறது, எவ்வளவு கடன்பட்டிருக்கிறது, யாருடன் பேசுகிறது என்ற செய்திகள் அனைத்தும் விலைக்குரிய சரக்குகளாகிவிட்டன.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2024 மார்ச் இறுதியில் இந்தியாவில் 95 கோடிக்கும் மேற்பட்ட இணைய இணைப்புகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கைப்பேசி வாயிலாக அமைந்தவை. தபால் நிலையம், வங்கி, நியாய விலைக் கடை, பள்ளி, மருத்துவமனை ஆகிய அனைத்தின் அலுவல்களும் அந்தச் சிறு கருவியின் வழியாக நடைபெறத் தொடங்கியுள்ளன. எனவே அந்தக் கருவிக்குள் புகுந்து வேவு பார்க்கும் மென்பொருள்களையும், அதன் வாயிலாக மக்களைத் துரத்தும் விற்பனை முறைகளையும் நகரத்துச் செல்வந்தரின் கவலையாக மட்டும் எண்ணிவிட முடியாது. இவற்றால் நேரும் துன்பம் வசதி குறைந்தோரையே மிகுதியாகத் தாக்குகிறது என்பதை அண்மைக்கால அனுபவம் காட்டியுள்ளது.

உளவு மென்பொருளின் வகைகள்

உளவு மென்பொருள் என்பது, உரியவர் அறியாமல் அல்லது அறிந்து ஒப்புக்கொள்ளாமல் அவருடைய கருவியில் தங்கி, அங்குள்ள செய்திகளை வேறொருவருக்கு அனுப்பும் நிரல் ஆகும். அது நுழையும் வழியைக்கொண்டு அதைச் சில வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வேறொரு பொருளுடன் ஒட்டிக்கொண்டு வருவது. 2005ஆம் ஆண்டில் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட சில இசைத் தட்டுகளைக் கணினியில் இட்டவுடன், பிரதி எடுப்பதைத் தடுக்கும் நிரலொன்று மறைவாகப் பதிந்துகொண்டது. விலை கொடுத்துப் பாட்டு வாங்கியவரின் கணினியிலேயே அது ஒளிந்திருந்தது. பிற தீய நிரல்களும் அதன் மறைவில் ஒளிந்துகொள்ள வழி பிறந்தது. இச்செய்தி வெளிவந்த பின்னர் அந்நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரே பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இரண்டாம் வகை, வஞ்சகமாக வருவது. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றும் பெயரிட்டு ஒரு கோப்பு கைப்பேசிக்கு அனுப்பப்படுகிறது. அதைத் திறந்து நிறுவ இசைந்தவுடன், குறுஞ்செய்திகளைப் படிக்கும் ஆற்றல் அதற்குக் கிடைத்துவிடுகிறது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியாகவே வருவதால், சேமிப்பு முழுவதும் களவு போக அதுவே போதுமானது.

மூன்றாம் வகை, எந்தச் செயலும் இன்றியே நுழைவது. இஸ்ரேல் நாட்டின் என்.எஸ்.ஓ. நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் இதற்கு எடுத்துக்காட்டு. 2019 மே மாதத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முறையிலிருந்த ஒரு குறைபாட்டின் வழியே, அழைப்பை எடுக்காதவருடைய கைப்பேசிக்குள்ளும் அது புக முடிந்தது. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,400 பயனாளர்கள் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் அந்நீதிமன்றம் என்.எஸ்.ஓ. நிறுவனமே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. வாட்ஸ்அப்பைக் குறிவைக்கக் கூடாது என 2025 அக்டோபரில் நிரந்தரத் தடையும் விதித்தது.

நான்காம் வகையே மிகவும் பரவலானது. அதே வேளையில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது. இது கதவைத் தட்டி, அனுமதி பெற்று, முன்வாயில் வழியாகவே வருகிறது. கைவிளக்குச் செயலி தொடர்பு எண்களைக் கேட்கிறது. விளையாட்டுச் செயலி இருப்பிடத்தைக் கேட்கிறது. அவசரத்தில் இருப்பவர் "அனுமதிக்கிறேன்" என்பதை அழுத்திவிடுகிறார். உளவுக்கும் வணிகத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு அழிந்துபோவது இந்த இடத்திலேதான்.

விளம்பர வணிகம் இயங்கும் விதம்

1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மான்டுலி என்பவர் "குக்கீ" என்னும் முறையை உருவாக்கினார். ஓர் இணையதளம், தன்னை நாடி வந்தவரின் கணினியிலேயே ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்து, அவர் மீண்டும் வரும்போது அடையாளம் காண்பதே அதன் நோக்கம். வாங்க விரும்பித் தேர்ந்தெடுத்த பொருள்களை நினைவில் வைத்துக்கொள்ள அது உதவியது. மளிகைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரின் பற்று வரவை ஒரு புத்தகத்தில் குறித்து வைப்பதற்கு ஒப்பான ஏற்பாடு அது.

ஆனால் மளிகைக் கடைக்காரருக்குத் தம் கடையில் நடந்தது மட்டுமே தெரியும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும், வாசகசாலையில் படித்த ஏடும் அவருடைய புத்தகத்தில் ஏறுவதில்லை. விளம்பர நிறுவனங்களோ ஆயிரக்கணக்கான இணையதளங்களிலும் செயலிகளிலும் தம் குறியை ஏககாலத்தில் பதித்துள்ளன. ஆகவே மருந்தும் ஏடும் கடனும் பயணமும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் அதைப் புரட்டுகிறார்கள் என்பதை வாடிக்கையாளர் அறியார்.

இக்கணக்கு பயன்படும் முறையும் அறியத்தக்கது. பயனாளர் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அதிலுள்ள விளம்பர இடம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஏலத்துக்கு விடப்படுகிறது. பார்ப்பவர் எத்தகையவர், எந்த ஊரில் இருக்கிறார், எவற்றில் நாட்டமுள்ளவர் என்ற விவரங்கள் ஏலத்தில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் வென்றவர் விளம்பரம் இடுகிறார். தோற்றவர்களுக்கும் அவ்விவரங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதே இதில் கவனிக்க வேண்டியது. சாதாரண ஏலத்தில் தோற்றவர் வெறுங்கையுடன் திரும்புவார். இந்த ஏலத்தில் அவ்வாறில்லை.

பொருளாதார நூல்கள் இத்தகைய சந்தையை ஓரளவு முன்பே ஆராய்ந்துள்ளன. பழைய மோட்டார் கார்களின் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, பண்டத்தைப் பற்றி விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாவிட்டால் சந்தை சீர்கெடும் என்று விளக்கியது. இணைய வணிகத்தில் இக்குறை இரட்டிப்பாகிறது. பண்டத்தை மட்டுமின்றி வாங்குபவரையும் விற்பவர் நன்கு அறிந்திருக்கிறார். அவருடைய தேவை, அவசரம், கொடுக்கக்கூடிய விலை ஆகிய மூன்றும் ஒருதலையாக வெளிப்பட்டுவிட்டால், பேரம் பேசும் வலிமை வாங்குபவரிடம் எஞ்சுவதில்லை.

335 பேரும் ஐந்தரை இலட்சம் பேரும்

"விரும்பித்தானே விவரங்களைத் தந்தார்கள், விருப்பமில்லாதவர் ஒதுங்கிக்கொள்ளலாமே" என்பது இவ்வணிகத்தை ஆதரிப்போர் கூறும் வாதம். அந்தரங்கத்தைத் தனிமனிதர் விருப்பப்படி விற்கத்தக்க சொத்தாக இவ்வாதம் கருதுகிறது. அக்கருத்து எவ்வளவு குறையுடையது என்பதை ஒரு கணக்கு தெளிவாக்கும்.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனம் பேஸ்புக் பயனாளர்களின் விவரங்களை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்விவரங்கள் ஆளுமைத் தேர்வு நடத்தும் ஒரு செயலியின் மூலம் திரட்டப்பட்டவை. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர் என்றும், அவர்களுடைய நண்பர்கள் என்ற முறையில் மேலும் 5,62,120 பேரின் விவரங்கள் சென்றிருக்கக்கூடும் என்றும் பேஸ்புக் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் இந்திய அரசுக்குத் தெரிவித்தது. அதாவது, இசைவளித்த ஒவ்வொருவருக்கும், இசைவு கேட்கப்படாத சுமார் 1,678 பேர் பாதிப்புக்கு இலக்காயினர். அந்த ஐந்தரை இலட்சம் பேரும் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பயன் விளைந்திராது. அவர்கள் செய்ததெல்லாம் ஒரு நண்பரைப் பெற்றிருந்தது ஒன்றே.

ஆலையின் புகைபோக்கியிலிருந்து எழும் புகை, அந்த ஆலையின் பண்டத்தை வாங்காதவரின் வீட்டிலும் படிகிறது. இத்தகைய தீங்கைப் பொருளியலார் புறச்செலவு என்பர். பண்டத்தை விற்பவரும் வாங்குபவரும் மனமொத்துச் செய்யும் ஒப்பந்தத்தில் மூன்றாமவரின் இழப்பு கணக்கில் வருவதில்லை. ஆகவேதான் புகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு விடப்படாமல், சட்டத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்தரங்க இழப்பும் புறச்செலவின் இயல்பை உடையதே. கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்கள் ஒருவருடைய கருவியில் இருந்தாலும், அவை ஒவ்வொன்றும் மற்றொருவருக்கு உரியவை.

கையெழுத்திடாத பிணையாளர்கள்

இப்புறச்செலவு உயிர்ச்சேதம் வரை செல்லக்கூடியது என்பதை உடனடிக் கடன் செயலிகளின் வரலாறு காட்டுகிறது. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் வருவாய் இழந்த பலர், சில ஆயிரம் ரூபாய்க்காக இச்செயலிகளை நாடினர். கட்டணம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்பட்டு, குறைந்த தொகையே கைக்கு வந்தது. தவணையோ பல இடங்களில் ஒரு வாரமே. ஈடாகப் பொன்னோ நிலப்பத்திரமோ கேட்கப்படவில்லை. மாறாகத் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொள்ளும் அனுமதி கேட்கப்பட்டது.

தவணை தவறியதும் அந்த ஈட்டின் பொருள் விளங்கியது. கடன் பெற்றவரின் உறவினர், உடன் பணிபுரிவோர், மேலதிகாரி ஆகியோருக்கு அழைப்புகள் சென்றன. திரிக்கப்பட்ட படங்கள் சுற்றுக்கு விடப்பட்டன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் தெலங்கானாவில் இத்தகைய தொல்லை தாளாமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். காவல்துறை பலரைக் கைது செய்தது. வழக்கமான கடனில் பிணையாள் என்பவர் தாமாக முன்வந்து கையெழுத்திடுபவர். இங்கோ தொடர்புப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரும் தாம் அறியாமலே பிணையாளராக்கப்பட்டனர். விற்பனைக்கென்று திரட்டப்பட்ட விவரம் வற்புறுத்தலுக்குக் கருவியாவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அவ்வாண்டின் முதல் இரண்டு மாதங்களில் பல செயலிச் சந்தைகளைத் துருவிப் பார்த்த அக்குழு, இந்தியப் பயனாளர்களுக்கெனச் சுமார் 1,100 கடன் செயலிகள் இருந்ததாகவும், அவற்றுள் சுமார் 600 சட்டவிரோதமானவை என்றும் கண்டது. 2022 செப்டம்பரில் வெளியான ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், கோப்புகள், படங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என விலக்கின. வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்காகக் காமிரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை ஒருமுறை மட்டும், வெளிப்படையான இசைவுடன் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. இந்நெறிமுறைகள் 2025 மே மாதத்தில் வெளியான ஒருங்கிணைந்த கட்டளைகளிலும் இடம்பெற்றன.

இந்நடவடிக்கையின் சிறப்பு, கடனாளி இசைந்தாலும் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று விதித்ததில் உள்ளது. இசைவு எல்லாவற்றையும் சரியாக்கிவிடாது என்பதை ஒரு நிர்வாக விதி ஏற்றுக்கொண்ட இடம் இது. எனினும் விதி கட்டுப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களையும் அவற்றின் முகவர்களையுமே. பெயரையும் சின்னத்தையும் மாற்றி மாற்றி வரும் சட்டவிரோதச் செயலிகளைத் தேடிப்பிடிப்பது காவல்துறை, செயலிச் சந்தைகள், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஆகிய அனைத்தின் கூட்டுப் பொறுப்பாகவே இருக்கிறது.

சட்டம் வளர்ந்த பாதை

அந்தரங்கம் பற்றிய சிந்தனை இந்திய நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. கரக் சிங் வழக்கில் 1962ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கண்காணிப்பில் உள்ளவரின் வீட்டுக்குக் காவலர் இரவில் சென்று கதவைத் தட்டும் விதியைச் செல்லாததாக்கியது. எனினும் அந்தரங்கம் தனியோர் அடிப்படை உரிமை என்பதை அப்போது பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 1996 டிசம்பரில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய வழக்கில், அதற்குரிய நடைமுறைக் கட்டுப்பாடுகளை அந்நீதிமன்றம் வகுத்தளித்தது. இறுதியாக, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருத்தல் வேண்டும். நோக்கம் நியாயமானதாக இருத்தல் வேண்டும். தலையீடு தேவையின் அளவை மீறாதிருத்தல் வேண்டும் என்ற அளவுகோல்களும் நிலைபெற்றன.

அத்தீர்ப்பின் தொடர்ச்சியாக, நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கையையும், 2019இல் கொண்டுவரப்பட்டு 2022இல் திரும்பப் பெறப்பட்ட மசோதாவையும் கடந்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அறிவிப்புக்குப் பின் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் கால அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது.

இச்சட்டப்படி இசைவானது தடையின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்கெனவும், விவரம் அறிந்தும் அளிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அளித்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாதல் வேண்டும். இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படிக்க வழி செய்தல் வேண்டும். சட்டமே தரும் ஓர் எடுத்துக்காட்டு இங்கே கருதத்தக்கது: தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான விவரங்களுடன் தொடர்பு எண்களையும் கேட்டு, பயனாளர் இரண்டுக்கும் இசைந்தாலும், சிகிச்சைக்குத் தேவையற்ற தொடர்பு எண்களுக்கு அந்த இசைவு பொருந்தாது. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளன. தரவுகளைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

துரத்தும் விற்பனைக்கும் தனியே கடிவாளங்கள் உண்டு. தொலைபேசி விளம்பர அழைப்புகளைப் பற்றித் தொலைத்தொடர்பு ஆணையம் 2010இலும், பின்னர் 2018இலும் விதிகளை வகுத்தது. 1909 என்ற எண்ணில் விருப்பத்தைப் பதிவு செய்யலாம், முறையீடும் செய்யலாம். கடைகளில் பொருள் வாங்குவோரிடம் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாதென நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நுகர்வோரை மயக்கித் தவறான முடிவெடுக்கச் செய்யும் 13 வகைத் திரை அமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. "இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று. கருவியில் கிருமி புகுந்துவிட்டதாக அச்சுறுத்தி, அதை நீக்குவதாகக் கூறிப் பணம் பெற்றுத் தீய நிரலையே நுழைப்பது மற்றொன்று. உளவு மென்பொருளும் ஏமாற்று விற்பனையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது பொருத்தமானதே.

அரசுக்கும் பொருந்தும் நெறி

வணிகரைக் கட்டுப்படுத்தும் நெறி அரசின் கையையும் கட்டுப்படுத்தினால்தான் மக்களின் நம்பிக்கை நிலைக்கும். பெகாசஸ் மென்பொருள் இந்தியர் சிலர்மீது பயன்படுத்தப்பட்டதாக 2021 ஜூலையில் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது விவகாரம் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கூறிய மாத்திரத்தில் நீதிமன்ற ஆய்விலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது என்று அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்த நீதிமன்றம், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழுவொன்றை அமைத்தது. ஆய்வுக்கு வந்த 29 கைப்பேசிகளுள் ஐந்தில் ஏதோ ஒரு தீய நிரல் காணப்பட்டதாகவும், அது பெகாசஸ்தான் என்பதற்கு முடிவான சான்று கிடைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

2023ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அறிவிக்கை செய்யப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. நாட்டைக் காக்கும் பணிக்கு மறைபொருள் தேவை என்பதை எவரும் மறுக்க மாட்டார். ஆயினும் விலக்கு எவ்வளவு குறுகலாகப் பயன்படுத்தப்படுகிறதோ, புட்டசாமி தீர்ப்பு வகுத்த அளவுகோல்கள் எவ்வளவு நேர்மையாகப் பின்பற்றப்படுகின்றனவோ, அவ்வளவுக்கே சட்டத்தின் மீதுள்ள மதிப்பும் உயரும்.

எஞ்சியுள்ள பணிகள்

சட்டத்தில் நிரப்பப்பட வேண்டிய ஓர் இடைவெளி உண்டு. தண்டமாக வசூலாகும் தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். தரவுகளைக் காக்கத் தவறிய நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கோர வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவோ, புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீங்கிவிடும். அரசுக்குத் தண்டம் கிடைப்பதும், துன்புற்றவருக்கு இழப்பீடு கிடைக்காமற் போவதும் புறச்செலவுக் கோட்பாட்டுக்கு ஒவ்வாதவை. ஆலைப்புகையால் நோயுற்றவரின் மருத்துவச் செலவைப் போல, அந்தரங்கம் இழந்தவரின் இழப்பும் அதை உண்டாக்கியவரின் கணக்கில் ஏற வேண்டும். இணையச் சட்டம் பயிலும் மாணவர்கள் ஆராய்வதற்கு ஏற்ற வினா இது: தாம் இசையாத ஓர் ஒப்பந்தத்தால் பாதிக்கப்பட்ட மூன்றாமவரின் இழப்பை எவ்வாறு மதிப்பிடுவது?

அலுவலர்களின் கடமை சட்டம் முழுமை பெறும் வரை காத்திருக்க வேண்டியதன்று. தேவையுள்ள விவரத்தை மட்டும் கேட்பது, தேவை தீர்ந்ததும் அழிப்பது, கேட்பதன் காரணத்தை மக்கள் மொழியில் கூறுவது ஆகிய மூன்றும் எந்த அலுவலகத்திலும் இன்றே தொடங்கத்தக்கவை. விண்ணப்பப் படிவங்களும் அடையாள அட்டை நகல்களும் பழைய காகிதமாக எடைக்குப் போடப்பட்டு, கடையில் பொட்டலம் மடிக்கப் பயன்படும் நாட்டில், அந்தரங்கப் பாதுகாப்பு கணினியறையில் மட்டும் தொடங்குவதாகக் கொள்ள இயலாது. அலுவலகக் கைப்பேசிகளிலும் கணினிகளிலும் தேவையற்ற செயலிகளை நீக்குவதும் இதன் பகுதியே. அக்கருவிகளில் குடிமக்கள் பலரின் விவரங்கள் தங்கியிருக்கின்றன.

பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியவை எளியவை. முன்பின் அறியாதவர் அனுப்பும் கோப்பை நிறுவக் கூடாது. செயலி ஒவ்வொன்றும் பெற்றுள்ள அனுமதிகளை அவ்வப்போது பார்த்து, பணிக்குத் தொடர்பற்றவற்றை மறுத்துவிட வேண்டும். பணம் களவு போனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். கடனுக்காக மிரட்டப்படுவோர் வெட்கத்தால் ஒடுங்கிவிடாமல் காவல்துறையை அணுக வேண்டும். மிரட்டல் அழைப்பைப் பெறும் உறவினர்களும் கடன்பட்டவரை இகழாமல் அவருக்குத் துணை நிற்க வேண்டும். அவமானத்தையே ஆயுதமாகக் கொண்ட தொழில், அவமானம் பயன் தராத இடத்தில் வலுவிழக்கும்.

ஆனால் இவ்வெச்சரிக்கைகளோடு பொறுப்பு தீர்ந்துவிட்டதாகக் கருதினால், 335 பேரின் கவனக்குறைவுக்கு ஐந்தரை இலட்சம் பேரைப் பொறுப்பாக்கியதாகும். தூய குடிநீரைப் போல, அந்தரங்கமும் தனித்தனியே காத்துக்கொள்ள முடியாத ஒரு பொதுநலம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குக் கொடுக்கப்பட்டுள்ள அவகாசம், நிறுவனங்கள் தம் கணினிகளைத் திருத்திக்கொள்வதற்கு மட்டும் உரியதன்று. அரசு அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் தத்தம் பதிவேடுகளை எடுத்து, அவற்றிலுள்ள ஒவ்வொரு விவரமும் எதற்காகத் திரட்டப்பட்டது என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளவும் அது உதவ வேண்டும். விடை கிடைக்காத விவரங்களை நீக்கிவிடும் அலுவலகம், சட்டம் தன்னை எட்டும் முன்னரே அதன் நோக்கத்தை நிறைவேற்றிய பெருமையைப் பெறும்.